கஞ்சி டப்பாவில் பால்பொடி

என் ஓரகத்தி மேல் எனக்குப் பொறாமை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் எங்காவது சொன்னால் மனம் திருந்தி ஒப்புக்கொள்வது போல இருக்கும். நான் திருந்தவில்லை.

அவள் என் கணவரின் தம்பி மனைவி. ஒரே வீடு, ஒரே வாசல். நாங்கள் கீழே, அவர்கள் மாடியில். தேசூர்ப் பெண், என்னைவிடப் பதினோரு வயது சின்னவள். நகை, நிறம், புடவை என்று எதிலும் எனக்கு அவளோடு போட்டி கிடையாது. அந்த மாதிரிப் பொறாமையாக இருந்தால் எங்கள் தெருவிலேயே நாலு பேர் எனக்குத் துணைக்கு வந்திருப்பார்கள். எனக்கு வந்த பொறாமையைப் பக்கத்து வீட்டில் சொல்லி அழக்கூட முடியாது. கப்பலில் வரும் பால்பொடிக்கு எந்த எண் போடுவது என்பதில் வந்த பொறாமை அது.

சென்னையில் இருக்கும் ஒரு சுங்க முகவர் நிறுவனத்துக்கு நான் ஆரணியில் உட்கார்ந்தபடி வேலை செய்கிறேன். ஊரடங்கு சமயத்தில், வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால் போதும் என்று டைப்பிங்குக்கு ஆள் எடுத்தார்கள். அப்படி ஒட்டிக்கொண்டவள்தான். டைப் அடித்துக்கொண்டே படித்தேன். படித்துக்கொண்டே கேள்வி கேட்டேன். ஒரு கட்டத்தில் எங்கள் முதலாளியே, "உணவுப் பொருள் எது வந்தாலும் அந்த ஆரணி மேடத்துக்கு அனுப்புங்க" என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டேன். முன்னறையில் என் கணவரும் கொழுந்தனும் தறியில் இருப்பார்கள். தடுப்புக்கு இந்தப் பக்கம் என் மேஜை. தறிச் சத்தம் கேட்காவிட்டால் எனக்கு வேலை ஓடாது.

வேலை என்னவென்று கேட்பவர்களுக்கு இப்படிச் சொல்வேன். வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண் உண்டு. தலையணை கனத்தில் இருக்கும் சுங்கவரிப் புத்தகத்தில் அந்த எண் எங்கேயோ உட்கார்ந்திருக்கும். அதைத் தேடி எடுப்பதுதான் என் வேலை. வெறும் பால்பொடி என்றால் நாலாம் அத்தியாயம். பாலைத் திரித்தால் பிரியும் தண்ணீரைக் காயவைத்துப் பொடியாக்குவார்கள், தொழிலில் வே பவுடர் என்பார்கள். அதுவும் நாலுதான். அதே பாலோடு மாவு கலந்து, பன்னும் கேக்கும் சுடுவதற்கென்று வந்தால் பத்தொன்பதாம் அத்தியாயம். பால் கரைந்தால் பதமாக இருக்கட்டும் என்று சிறிதளவு மாவுச்சத்து சேர்ப்பதை நாலு கண்டுகொள்ளாது. அளவு மீறினால் தூக்கிப் பத்தொன்பதுக்குத் தள்ளிவிடும்.

எண் மாறினால் வரி மாறும். கேட்கும் காகிதமும் மாறும். நாலு என்றால், பால் கொடுத்த மாட்டுக்கு நோய் இல்லை என்று அந்த நாட்டுக் கால்நடை டாக்டர் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் வேண்டும். எண்ணைத் தப்பாகப் போட்டால் சரக்கு துறைமுகத்திலேயே நிற்கும். அங்கே பன் சுடுகிறவன் பொடிக்காகக் காத்துக்கிடப்பான். இவ்வளவும் என் விரலில் இருக்கிறது என்பதில் எனக்குத் தலைக்கனம் உண்டு. என் கணவர், "எங்க வீட்ல பால்பொடி ஆபீசர் கீறாங்க" என்று சொந்தக்காரர்களிடம் கிண்டல் செய்வார். கிண்டல்தான். ஆனாலும் எனக்குப் பிடிக்கும்.

இந்த நிலைமையில்தான் அவளை நானே கொண்டுவந்து உள்ளே விட்டேன்.

டைப்பிங்குக்கு இன்னொரு ஆள் வேண்டும் என்று சென்னையில் கேட்டார்கள். மாடியில் ஒருத்தி சும்மாதானே இருக்கிறாள் என்று அவள் பெயரைச் சொன்னேன். சும்மா இருந்தாள் என்பது என் வாயில் வந்த பேச்சு. உண்மையில் அவள் ஒரு சின்ன ஓவன் வைத்துக்கொண்டு தெருவில் பிறந்தநாள் கேக், பட்டர் பிஸ்கட் எல்லாம் செய்து கொடுத்துக்கொண்டிருந்தாள். போதாததற்குக் கஞ்சியும் காய்ச்சினாள்.

கஞ்சி என்றால் குடிக்கிற கஞ்சி இல்லை. பட்டுப் பாவை, அதாவது நெசவின் நீளவாட்டு இழைகளை, தறியில் ஏற்றுவதற்கு முன்னால் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டி, இழைக்கு விறைப்பு வர அரிசி மாவுக் கஞ்சி தடவுவார்கள். கஞ்சி நீர்த்துப்போனால் இழை அறும். கெட்டியானால் ஒன்றோடொன்று ஒட்டும். சரியான பதம் விரலுக்குத்தான் தெரியும். நான் இந்த வீட்டுக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. இன்றுவரை என் கஞ்சி ஒன்று தண்ணீர், இல்லாவிட்டால் கூழ். அவள் வந்த ஆறாவது மாதமே இரண்டு விரலில் தொட்டுத் தேய்த்து, "இன்னும் ஒரு கொதி வரட்டும் மாமா" என்றாள். அவள் சொன்னது போலவே கஞ்சி அமைந்தது. அன்றோடு என் கணவர், "இனிமே கஞ்சிய நீயே பாத்துக்கோம்மா" என்று சொல்லிவிட்டார். எனக்கு ஒரு வேலை குறைந்தது என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷம் வரவில்லை.

முதல் அடி ஒரு வெள்ளிக்கிழமை விழுந்தது. பேக்கரிச் சாமான் இறக்குமதி செய்யும் ஒரு கம்பெனி அனுப்பிய இரண்டு சாம்பிள் பாக்கெட்டுகளில் லேபிள் கழன்றுபோயிருந்தது. ஒன்று கொழுப்பு நீக்கிய பால்பொடி, மற்றது வே பவுடர். எது எது என்று தெரியவில்லை. நான் முறையாக, இரண்டுக்கும் புது லேபிள் கேட்டு மெயில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவள் ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் பொடியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். முக்கால் மணி நேரத்தில் இரண்டு குட்டி பன்னோடு இறங்கி வந்தாள். ஒன்று பொன்னிறம், இன்னொன்று நன்றாகச் சிவந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து முதலாளி வீடியோவில் வந்தார். அவள் இரண்டு பன்னையும் கேமராவுக்கு நேராகத் தூக்கிக் காட்டினாள்.

"சார், இந்தச் செவந்த பன்னுதான் வே பவுடர் போட்டது. அதுல பால்சர்க்கரை ஜாஸ்தி சார், ஜல்தி செவந்துடும்."

கம்பெனியிலிருந்து பதில் மெயில் வந்தபோது அவள் சொன்னதுதான் சரி என்று தெரிந்தது. முதலாளி என்னைப் பார்த்துக் கேட்டார்: "என்ன மேடம், இவங்களயா இத்தனை நாள் டைப்பிங்ல வெச்சிருந்தீங்க?"

சிரித்தேன். வயிறு எரிந்தது. அந்த எரிச்சலிலேயே இரண்டு பன்னையும் நானே தின்று தீர்த்தேன். நன்றாக இருந்தது என்பதுதான் கொடுமை.

அடுத்த மாதம் முதலாளி ஒரு செய்தி சொன்னார். சுங்க முகவர் நிறுவனங்களில் வேலை செய்கிறவர்களுக்குச் சுங்கத் துறை ஒரு தேர்வு வைக்கும். பாஸானால் ஒரு கார்டு கொடுப்பார்கள். அந்தக் கார்டு இருந்தால் சுங்க அலுவலகத்துக்குள் போய், அதிகாரி முன்னால் நின்று, இந்தச் சரக்கு இந்த எண்ணில்தான் வரும் என்று வாதாடலாம். கார்டு இல்லாதவர் எழுதிக் கொடுத்தது இன்னொருவர் வாயால்தான் அங்கே பேசப்படும். இத்தனை வருடம் நான் எழுதியதையெல்லாம் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். இந்த வருடம் எங்கள் ஆபீசிலிருந்து உணவுப் பொருள் பக்கம் ஒருவர் பெயரை மட்டும் அனுப்பப் போவதாகச் சொன்னார்.

"உங்க ரெண்டு பேர்ல யாருன்னு பாத்துச் சொல்றேன்" என்றார்.

ரெண்டு பேர். அந்தச் சொல் எனக்குச் சோறு இறங்கவிடவில்லை. நேற்று வந்தவளையும் என்னையும் ஒரே மூச்சில் சொல்கிறாரே! அந்தக் கார்டை என் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு சுங்க அலுவலகப் படியேறுவதாக நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். என்ன கலர் புடவை என்பது வரைக்கும் முடிவு செய்து வைத்திருந்தேன். அவளுக்கோ அப்படி ஒரு கார்டு இருப்பதே அன்றுதான் தெரியும்.

அன்று முதல் அவளைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தேன். அவள் டைப் அடித்ததில் பிழை தேடினேன். கிடைத்தால் முதலாளிக்குத் தெரியும்படி திருத்தினேன். கிடைக்காவிட்டால் அதற்கும் கோபம் வந்தது. அவளோ, "அக்கா, தப்பு இருந்தா சொல்லுக்கா" என்று மோர்க்குழம்பைக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். குழம்பும் நன்றாகத்தான் இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் அந்தப் பால்பொடி வந்தது. அதே பேக்கரிக் கம்பெனிதான். கொழுப்பு நீக்கிய பாலும் வேயும் கலந்த பொடி. கப்பல் கிளம்புவதற்கு முன்னாலேயே எண்ணை முடிவு செய்துகொள்ள ஒரு சாம்பிள் பாக்கெட்டைக் கூரியரில் அனுப்பியிருந்தார்கள். இதற்கு முன் வந்த சரக்கை நாலாம் அத்தியாயத்தில்தான் போட்டிருந்தோம். இந்தத் தடவை காகிதத்தில் 'நிலைப்படுத்தி' என்று ஒரு சொல் புதிதாகச் சேர்ந்திருந்தது. பொடியின் பதம் மாறாமலிருக்கச் சேர்ப்பது; மாவுச்சத்தாகவும் இருக்கலாம். அது என்ன, எவ்வளவு என்று ஒரு வரியும் இல்லை.

கூரியர்க்காரர் பாக்கெட்டைக் கொடுத்தபோது அவள் மாடியில் இருந்தாள். எனக்கு முதலில் தோன்றியதைச் சொல்லிவிடுகிறேன். இவள் கண்ணில் பட்டால் ஒரு ஸ்பூன் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாள், பன்னோடு இறங்கி வருவாள், கார்டு போச்சு. இதுதான் தோன்றியது. வேறு ஒன்றும் தோன்றவில்லை.

பாக்கெட்டாக வைத்தால் வெளியே தெரியும். கத்தரிக்கோலால் வெட்டி டப்பாவில் மாற்றிவிடலாம் என்று பரணில் தேடினேன். பழைய பிஸ்கட் டப்பா ஒன்று காலியாகக் கிடந்தது. கழுவினால் ஈரம் நின்று பொடி கட்டிதட்டும். அதனால் கழுவவில்லை, ஒரு துணியால் துடைத்தேன். பொடியைக் கொட்டி, மூடி, நாலு குலுக்குக் குலுக்கி, பீரோவில் என் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். சுங்கச் சாம்பிளைப் பட்டுப்புடவைக்கு அடியில் ஒளித்துவைத்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

மறுநாள் அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து, ஒரு தட்டில் கொஞ்சம் பொடியைக் கொட்டி நிறம், மணம் எல்லாம் குறித்துக்கொண்டிருந்தேன். பர்ஸை மறந்துவிட்டேன் என்று அவள் பாதி வழியில் திரும்பி வந்தாள். மேஜையில் தட்டு. மறைக்க நேரமில்லை.

"புது சாம்பிளாக்கா?" என்று கேட்டுக்கொண்டே இரண்டு விரலில் ஒரு சிட்டிகை எடுத்து, நாக்கு நுனியில் விரலை ஈரப்படுத்தித் தேய்த்துப் பார்த்தாள். கஞ்சிக்குப் பார்ப்பாளே, அதே தேய்ப்பு. "அக்கா, இதுல மாவு இருக்குதே."

"காகிதத்துல மாவுன்னு இல்ல" என்றேன்.

"இல்லாட்டியும் இருக்குதுக்கா. பால்பொடின்னா வழுக்கிகினு போவும். இது நெறுநெறுன்னு நிக்குது பாரு."

"விரல வெச்சு எண் போட முடியாதும்மா. அதுக்குப் புஸ்தகம்னு ஒண்ணு இருக்குது."

அவள் முகம் சின்னதாகிப் போனது. "சரிக்கா" என்று சொல்லிப் பர்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கு நல்லா இருந்தது. இரண்டு நிமிடம் நல்லா இருந்தது. பிறகு, இவள் சொன்னது சரியாக இருந்துவிட்டால் என்ற பயம் வந்தது.

உடனே கிளம்பினேன். மாவுச்சத்து இருக்கும் இடத்தில் டிஞ்சர் அயோடின் சொட்டினால் நீலமாகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் இருந்தது. இப்போது யார் டிஞ்சர் வாங்குகிறார்கள்? மூன்றாவது மெடிக்கலில்தான் தூசி தட்டி ஒரு பாட்டில் எடுத்துக் கொடுத்தார்.

"யாருக்குங்க அடி?" என்று கேட்டார்.

"எனக்குத்தான்" என்றேன்.

வீட்டுக்கு வந்து கொஞ்சம் பொடியை வெந்நீரில் கலக்கி ஆறவைத்து ஒரு சொட்டு விட்டேன். கருநீலமாகத் திரண்டது. அவள் விரல் சொன்னது சரி. என் பதினாறு வருடக் கஞ்சியும் ஆறு வருடப் புத்தகமும் சேர்ந்து சொல்லாததை அவள் ஒரு சிட்டிகையில் சொல்லிவிட்டாள். கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவள் மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம் அதற்கு முன்னால் வந்ததில்லை.

டிஞ்சர் மாவு இருக்கிறதா இல்லையா என்று மட்டும்தான் சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. எவ்வளவு என்பதில்தான் நாலா பத்தொன்பதா என்ற முடிவே இருக்கிறது. இது எனக்குத் தெரியும். வேறு யாராவது இப்படி அரைகுறையாகச் சோதித்திருந்தால் நானே கிழித்திருப்பேன். அன்று தெரியாதவள் போல நடந்துகொண்டேன். சாயங்காலத்துக்குள் முதலாளிக்கு ஒரு குறிப்பு எழுதினேன். 'சாம்பிளை நான் சோதித்துப் பார்த்ததில் மாவுச்சத்து இருப்பதைக் கண்டுபிடித்தேன். எனவே இந்தச் சரக்கு நாலில் வராது, பத்தொன்பதில்தான் வரும்.' அவள் பெயர் அதில் இல்லை. நான் என்ற சொல் இருந்தது.

முதலாளி மறுநாளே போன் செய்தார். "பிரமாதம் மேடம்! போன தடவை நாம கோட்டை விட்டுட்டோம் போல. கார்டுக்கு உங்க பேரத்தான் போடணும்னு இருக்கேன்."

பத்தொன்பதாம் அத்தியாயம் என்று போட்டுச் சுங்கத்துக்குக் கொடுக்கும் பில் ஆஃப் என்ட்ரியை டைப் அடித்தது அவள்தான். அடித்து முடித்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"நான் சொன்னத எடுத்துக்கினியேக்கா" என்றாள். கண்ணில் அவ்வளவு சந்தோஷம். அவள் சொன்னதாகவே நான் எழுதியிருப்பேன் என்று நம்பியிருக்கிறாள்.

"ம்" என்றேன்.

சரக்கு வந்து இறங்கியது. அதிகாரி பில்லைப் பார்த்தார். இத்தனை நாள் நாலில் வந்த சரக்கு திடீரென்று பத்தொன்பதுக்கு ஏன் போகிறது, கால்நடைச் சான்றிதழிலிருந்து தப்பிக்கப் பார்க்கிறார்களா என்று அவருக்குச் சந்தேகம். நியாயமான சந்தேகம்தான். மூட்டையிலிருந்து அவரே சாம்பிள் எடுத்து அரசு ஆய்வகத்துக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை சரக்கு துறைமுகத்தில் நின்றது. பேக்கரிக் கம்பெனிக்காரர் தினமும் முதலாளியைப் பேஜார் செய்தார். அனுப்பிய வெளிநாட்டுக் கம்பெனி, நாங்கள் ஒரு சிட்டிகை மாவுகூடச் சேர்க்கவில்லை என்று சத்தியம் செய்யாத குறையாக எழுதியது. நான் அசரவில்லை. கருநீலத்தைக் கண்ணால் பார்த்தவள் நான்.

ஆய்வக முடிவு வந்தது. மாவுச்சத்து இல்லை. 'நிலைப்படுத்தி' என்று போட்டிருந்தது ஏதோ உப்பு.

முதலாளி இரண்டு பேரையும் வீடியோவில் கூப்பிட்டார். மாடியில் நெட் சரியாக வராது என்பதால் அவள் என் மேஜைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம்.

"லேப்ல இல்லைன்னு வந்துடுச்சு. நீங்க இருக்குன்னு எழுதிக் குடுத்தீங்க. எப்படி?"

டிஞ்சர் என்று சொல்லலாமா, எத்தனை சொட்டு என்று கேட்பாரா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அவள் பேசினாள்.

"சார், மாவு இருக்குதுன்னு நான்தான் சொன்னேன். வெரல்ல தேச்சுப் பாத்துச் சொன்னேன். தப்பு என்னுது சார்."

முதலாளி என் குறிப்பைத் தேடி எடுத்தார். பிறகு, "நீங்களா? மேடம் அவங்களே கண்டுபிடிச்சதாத்தானே எழுதியிருந்தாங்க" என்றார்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் தறி ஓடிக்கொண்டிருந்தது. அவள் என் பக்கம் திரும்பினாள். திட்டுகிற பார்வை இல்லை. எண் தெரியாத பொருளைப் பார்ப்பது போல ஒரு பார்வை. ஒரு கணம்தான். மறுபடி கேமராவைப் பார்த்து, "ரெண்டு பேரும் சேந்துதான் சார் பாத்தோம்" என்றாள்.

பொய். எனக்காகச் சொன்ன பொய். அந்த நிமிடம் எனக்கு நன்றி வரவில்லை என்று எழுத வெட்கமாக இருக்கிறது. இதிலும் இவள் என்னை முந்திவிட்டாளே என்றுதான் வந்தது.

"மிச்ச சாம்பிள் இருந்தா காட்டுங்க" என்றார் முதலாளி.

எழுந்து போய்ப் பீரோவைத் திறந்து, புடவைக்கு அடியிலிருந்து டப்பாவை எடுத்து வந்தேன். மேஜையில் வைத்ததும் அவள் கண் பெரிதானது.

"அக்கா, இது நம்ம கஞ்சி டப்பா ஆச்சே!"

மூடியைத் திறந்தாள். உள்விளிம்பு மடிப்பில் சுண்டுவிரலை ஓட்டி எடுத்துக் காட்டினாள். வெள்ளையாக ஒட்டியிருந்தது. "அரிசி மாவு சார். பாவுக்குக் கஞ்சி காய்ச்சுற மாவு இதுலதான் வெச்சிருந்தோம். ஓரத்துல துரு ஏறுதுன்னு நான்தான் பரண்ல போட்டேன். சாம்பிள இதுல கொட்டியிருக்குது. எங்க வீட்டு மாவுதான் சார் என் வெரலுக்குத் தெரிஞ்சிருக்குது."

முதலாளி முதலில் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். "நான் எத்தனையோ தப்பு பாத்திருக்கேன். ஆரணிக் கஞ்சி மாவால ஒரு கன்டெய்னர் நின்னது இதுதான் முதல் தடவை" என்றார். சிரிப்பு ஓய்ந்ததும் என்னைக் கேட்டார்: "பாக்கெட்ல வந்தத எதுக்கு மேடம் டப்பாவுக்கு மாத்துனீங்க?"

"பாக்கெட் கிழிஞ்சிருந்துச்சு சார்."

அவர் நம்பினாரா என்று தெரியாது. எனக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. அவள் விரல் கடைசிவரை தப்புச் செய்யவில்லை. பால்பொடியில் கலந்திருந்த துளி அரிசி மாவைக்கூட அது விடவில்லை. தப்பு டப்பாவில் இருந்தது. அந்த டப்பாவில் கொட்டியது நான். அவளிடமிருந்து நான் திருடியது ஒரு தப்பான பதில். அந்தத் தப்பையும் அவளுக்காக நானே செய்து வைத்திருக்கிறேன்.

வீடியோ முடிந்து அவள் ஸ்டூலை எடுத்து ஓரமாக வைத்தாள். போகிற போக்கில் நின்று சொன்னாள்:

"ஒளிச்சுத்தானே வெச்ச? என்னாண்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, கஞ்சி டப்பாக்கா, அதுல போடாதேன்னு சொல்லியிருப்பேன்."

அவள் பதிலுக்கு நிற்கவில்லை.

சரக்கு நாலாம் அத்தியாயத்துக்கே திரும்பிப் போய், சான்றிதழ் காட்டி, வெளியே வந்தது. கார்டுக்கு அவள் பெயர் போனது. எனக்கு முதலாளி, "அடுத்த வருஷம் பாக்கலாம் மேடம்" என்றார். அவளுடைய விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். வீட்டில் யாருக்கு எந்த ஃபாரம் என்றாலும் நான்தானே நிரப்புவது. பிறந்த தேதி, படிப்பு, அனுபவம் என்று ஒவ்வொரு கட்டமாக அவளுக்கு எழுதும்போது, இந்தக் கட்டங்களில் என் விவரங்கள் எவ்வளவு அழகாக உட்கார்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே எழுதினேன். எழுத்துப் பிழை மட்டும் விடவில்லை. அந்த அளவுக்கு இறங்கவில்லை என்று அன்று எனக்கு ஒரு திருப்தி.

அந்தத் திருப்தியும் ஒரு வாரம்தான் நின்றது. அவள் வந்து, "அக்கா, உன் புஸ்தகம் குடுக்கா, உன் குறிப்போட படிச்சா எனக்குப் புரியும்" என்றாள். ஆறு வருடமாக நான் பென்சிலில் குறித்து, மஞ்சள் சீட்டு ஒட்டி, ஓரமெல்லாம் நைந்த சுங்கவரிப் புத்தகம். என் கார்டுக்காக நான் சேர்த்துவைத்தது முழுக்க அதில்தான் இருந்தது. கொடுத்தேன். கொடுக்காமல் இருந்தால் வீடே கேட்கும். ஆனால் கொடுப்பதற்கு முன்னால் பத்தொன்பதாம் அத்தியாயத்தைத் திறந்து, அங்கே ஒட்டியிருந்த ஒரு சீட்டை மட்டும் உரித்து எடுத்துக்கொண்டேன். பால்பொடியில் மாவுச்சத்து எதுவரை இருந்தால் நாலு, எங்கே பத்தொன்பது ஆரம்பிக்கிறது என்று நான் அலசி ஆராய்ந்து எழுதிய சீட்டு. என் கையெழுத்திலேயே மிக அழகான கையெழுத்து அதில்தான் இருந்தது.

அவள் தேர்வு எழுதினாள். பிறகு நேர்முகத்துக்கும் போய்விட்டு வந்தாள். பாஸ். கொழுந்தன் தெரு முழுக்க இனிப்புக் கொடுத்தார். எனக்கு இரண்டு கொடுத்தார்.

மறுநாள் புத்தகத்தைப் பழுப்பு அட்டை போட்டுத் திருப்பிக் கொண்டுவந்தாள். பக்கங்களைப் புரட்டி ஒரு இடத்தில் நிறுத்தினாள்.

"அக்கா, பத்தொன்பதுல பசை காஞ்ச தடம் ஒண்ணு இருக்குது. சீட்டு எங்க?"

"எங்கனா விழுந்திருக்கும்" என்றேன்.

"அதுல இருந்ததத்தான் கேட்டாங்கன்னு நெனைக்கிறேன். பால்பொடியில மாவு இருந்தா என்னா பண்ணுவன்னு அந்த ஆபீசர் கேட்டாரு. எனக்கு உடனே நம்ம கஞ்சி டப்பா ஞாபகம் வந்துடுச்சு. இருக்குதான்னு மட்டும் பாத்தா பத்தாது சார், எவ்ளோ இருக்குதுன்னு பாக்கணும், அதுக்கும் முன்னாடி அது பொடியோட வந்துச்சா, வெச்ச டப்பாவுல இருந்து வந்துச்சான்னு பாக்கணும்னு சொன்னேன். அவரு சிரிச்சுகினே, யாரும்மா உனக்கு இத கத்துக் குடுத்ததுன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"எங்க அக்கான்னு சொன்னேன்."

கேலியாகச் சொன்னாளா, நிஜமாகச் சொன்னாளா என்று அவள் முகத்தை உற்றுப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. கார்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மாதம் இரண்டு தடவை சென்னை பஸ் ஏறுகிறாள். நான் எழுதிக் கொடுப்பதை இப்போது அவள் வாய்தான் பேசுகிறது. நன்றாகப் பேசுகிறாளாம்.

அந்த டப்பா இன்னும் பீரோவில்தான் இருக்கிறது, புடவைக்கு அடியில். உள்ளே பால்பொடி இல்லை, அந்த மஞ்சள் சீட்டு இருக்கிறது. அவள் இன்னொரு தடவை கேட்டால் போதும், எடுத்துக் கொடுத்துவிடுவேன் என்று தினமும் நினைக்கிறேன். அவள் மறுபடி கேட்கவே இல்லை. அவளுக்கு அது வேண்டியிருக்கவில்லை.